நான்கை ஏன் ஒன்றாக்கவில்லை?

பூனாகலை, கொஸ்லந்தை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் ஞாயிறு மறைக்கல்வி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

திருப்பலி முடிந்த கையோடு பிள்ளைகளை உட்காரவைத்து நற்செய்தியைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் நீங்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. வார நாட்களில் கொழுந்து பறிக்கிறவர்களும் உங்களில் உண்டு, தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவர்களும் உண்டு. பத்து வயதுப் பிள்ளை கேட்பதற்கெல்லாம் உங்களிடம் பதில் இருக்கும். சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளை கேட்கும்போதுதான் சிக்கல். மத்தேயுவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்கு ஓடுகிறார்கள். லூக்காவில் சட்டப்படி எருசலேம் கோவிலுக்குப் போய்விட்டு, எந்த அவசரமும் இல்லாமல் நாசரேத்துக்குத் திரும்புகிறார்கள். இதில் எது நடந்தது? "இரண்டும்தான், பேசாமல் இரு" என்று சமாளிப்பது வழக்கம். பிள்ளை பேசாமல் இருந்துவிடும். அதற்கு விடை கிடைத்துவிட்டது என்று பொருள் இல்லை. இந்தக் கேள்விக்குத் திருச்சபை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நேர்மையான ஒரு விடையைச் சொல்லிவிட்டது. குருமடங்களில் அது வழக்கமான பாடம். லயத்துக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. வராததற்குச் சொல்லப்படும் காரணங்கள் எடுபடாதவை என்பதும், நற்செய்திகளை வரலாற்று நோக்கில் விசாரிப்பது நம் விசுவாசத்துக்கு உள்ளேயே அடங்கிய வேலை என்பதும் என் வாதம்.

அந்த விடை இதுதான். 1964 ஏப்ரல் 21 அன்று பாப்பரசரின் விவிலிய ஆணைக்குழு நற்செய்திகளின் வரலாற்று உண்மை பற்றி ஓர் அறிவுறுத்தலை வெளியிட்டது. நற்செய்தி மூன்று படிகளைக் கடந்து நம் கைக்கு வந்திருக்கிறது என்றது அது. இயேசு பேசியதும் செய்ததும் முதற்படி. உயிர்ப்புக்குப் பிறகு, தமக்குக் கிடைத்த புதிய தெளிவோடு, கேட்கிறவர்களின் தேவையறிந்து திருத்தூதர்கள் வாய்மொழியாக அறிவித்தது இரண்டாம் படி. நற்செய்தியாளர்கள் அவற்றில் சிலதைத் தெரிந்தெடுத்து, சிலதைச் சுருக்கி, சிலதைத் தங்கள் சபையின் நிலைமைக்கேற்ப விளக்கி எழுதியது மூன்றாம் படி. அடுத்த ஆண்டு நவம்பர் 18 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கை விளக்கத்தை நிறைவேற்றியது. ஆதரவாக 2,344 வாக்குகள், எதிராக 6. அதன் 19ஆம் பத்தி இந்த மூன்று படிகளையும் ஏற்றுக்கொள்கிறது. நான்கு நற்செய்திகளும் வரலாற்றுத் தன்மை உடையவை என்று தயக்கமின்றி உறுதிப்படுத்துவதும் அதே பத்திதான். இரண்டையும் ஒரே பத்தியில் வைத்தவர்கள் தெரியாத்தனமாக வைக்கவில்லை. தெரிந்தெடுத்தும் வரிசை மாற்றியும் விளக்கியும் சொல்வது உண்மையைச் சொல்வதற்குத் தடையில்லை என்பதே அவர்களின் நிலைப்பாடு.

உங்கள் பகுதி ஆட்களுக்கு இது புரியாத சங்கதி இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்கள் பூனாகலையிலும் கொஸ்லந்தையிலும் பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டார்கள். முதல் நாளில் நூற்றுக்கணக்கானோர் புதையுண்டதாகச் செய்தி வந்தது. நாட்கள் போகப் போக அந்த எண்ணிக்கை பெரிதும் இறங்கியது. பாடசாலைக்குப் போயிருந்ததால் பிழைத்த பிள்ளை சொல்வது ஒரு விதம். வேலைக்குப் போயிருந்த தாய் சொல்வது வேறு விதம். வீடு கேட்டு அதிகாரி முன்னால் நிற்கும்போது ஒன்று முதலில் வரும். ஆண்டு நினைவுப் பூசையில் சொல்லும்போது இன்னொன்று முதலில் வரும். இவர்களில் யாரையும் நாம் பொய்யர் என்பதில்லை. கணக்குகள் ஒத்துவராததால் மலையே சரியவில்லை என்றும் யாரும் முடிவுகட்டவில்லை. சொல்கிறவர் எங்கே நின்று பார்த்தார், யாருக்குச் சொல்கிறார், எதற்காகச் சொல்கிறார் என்று விசாரித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, நடந்ததை நெருங்குகிறோம். வரலாற்றுத் திறனாய்வு என்று பெரிய பெயரில் வழங்குவது இந்த விசாரிப்பைத்தான்.

இந்த ஒப்பீடு ஓரளவுக்குமேல் போகாது. நற்செய்தியாளர் சாட்சி மட்டும் இல்லை, அறிவிப்பாளரும்கூட. வாசிக்கிறவர் இயேசுவை நம்பி வாழ்வு பெறவேண்டும் என்பதற்காகவே எழுதியதாக யோவான் தமது 20ஆம் அதிகாரத்தின் முடிவில் ஒளிக்காமல் சொல்கிறார். ஆனால் நம்பவைக்க எழுதுகிறவர் விசாரிக்காமல் எழுதினார் என்று ஆகிவிடாது. லூக்காவின் முதல் நான்கு வசனங்களை நிதானமாக வாசியுங்கள். தமக்கு முன் பலர் எழுத முயன்றதாகச் சொல்கிறார். தொடக்கமுதல் கண்ணால் கண்டவர்கள் ஒப்படைத்ததை அடிப்படையாகக் குறிப்பிடுகிறார். தாமும் எல்லாவற்றையும் கருத்தாய் ஆராய்ந்து ஒழுங்காக எழுதுவதாகச் சொல்கிறார். தாம் கண்ணால் கண்டதாக அவர் எங்கும் சொல்லவில்லை. 1964இன் மூன்று படிகளும் இந்த நான்கு வசனங்களிலேயே கிடக்கின்றன. விவிலியத்தை விசாரிக்கக்கூடாது என்கிறவர்கள் முதலில் லூக்காவோடுதான் வழக்காட வேண்டும்.

ஓர் இடத்தைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். முடக்குவாதக்காரரைக் கூரை வழியாக இறக்கிய நிகழ்ச்சி மாற்கு 2ஆம் அதிகாரத்திலும் லூக்கா 5ஆம் அதிகாரத்திலும் இருக்கிறது. மாற்கில் கூரையை உடைத்துத் திறக்கிறார்கள். கலிலேய வீட்டின் கூரை மரமும் தழையும் களிமண்ணும் சேர்த்து மெழுகியது, அப்படித்தான் திறக்கமுடியும். லூக்காவிலோ ஓடுகளைப் பிரித்து இறக்குகிறார்கள். கிரேக்க நகரவாசிகளுக்காக எழுதிய லூக்கா, அவர்கள் கண்ட கூரையை அந்த வீட்டுக்குப் போட்டிருக்கிறார். தகரக் கூரைக்குக் கீழே இருந்து கேட்கிற பிள்ளையும் அதைத் தகரமாகத்தான் கற்பனை செய்யும். குறை ஒன்றும் இல்லை. நூற்றுவர் தலைவரின் பணியாள் கதை இன்னும் ஒருபடி மேலே போகிறது. மத்தேயு 8இல் தலைவர் தாமே வந்து இயேசுவிடம் மன்றாடுகிறார். லூக்கா 7இல் அவர் முதலில் யூத மூப்பர்களையும், பிறகு நண்பர்களையும் அனுப்புகிறார். கடைசிவரை இயேசுவை நேரில் பார்ப்பதே இல்லை. மத்தேயு இடைத்தரகர்களை நீக்கி நேரடியான விசுவாசத்தைக் காட்டுகிறார் என்பது பலர் சொல்லும் விளக்கம். லூக்காவுக்கோ யூதரும் பிறவினத்தாரும் ஒருவர்க்கொருவர் பரிந்து பேசுவது முக்கியம். இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து "முதலில் ஆளனுப்பினார், பிறகு தானும் வந்தார்" என்று சமரசம் செய்தால் மத்தேயுவும் சொல்லாத, லூக்காவும் சொல்லாத மூன்றாவது கதை ஒன்று நம் கையில் மிஞ்சும்.

இப்படிப் பிசைந்து பார்த்தவர் ஒருவர் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில், ஏறத்தாழ 170ஆம் ஆண்டளவில், சிரியாவைச் சேர்ந்த தாசியான் நான்கு நற்செய்திகளையும் பின்னி ஒரே நூலாக்கினார். தியாதெஸ்ஸரோன் என்று அதற்குப் பெயர். முரண்பாடு இல்லை, திரும்பச் சொல்லல் இல்லை, வாசிக்க வசதி. சிரியத் திருச்சபைகளில் பல தலைமுறைகள் அதுவே வழிபாட்டில் வாசிக்கப்பட்டது. ஆனால் பொதுத் திருச்சபை அதை ஏற்கவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் சீர் நகர ஆயர் தெயடோரேட்டு தம் மறைமாவட்டக் கோவில்களில் இருந்த இருநூறுக்கும் மேற்பட்ட பிரதிகளைச் சேகரித்து அகற்றிவிட்டு, நான்கு நற்செய்திகளையும் தனித்தனியாகத் திரும்ப வைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். தாசியான்மீது கொள்கைச் சந்தேகமும் இருந்தது உண்மை. ஆனாலும் முரண்பாடற்ற ஒரே வரலாறு கையில் இருந்தபோது அதை விட்டுவிட்டு, வேறுபடுகிற நான்கைத் திருச்சபை தேர்ந்தது என்பதை யாரும் மறுக்கமுடியாது. வேறுபாடுகள் நேற்று ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிக்கப்பட்டவையும் இல்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன் இவற்றைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். 400ஆம் ஆண்டளவில் புனித அகுஸ்தினார் இவற்றுக்கென்றே ஒரு நூல் எழுதினார். அகுஸ்தினார் பல இடங்களில் இழுத்துப் பிடித்துத்தான் பொருத்துகிறார் என்பது என் எண்ணம்; ஆனால் பிரச்சினையை அவர் மூடி வைக்கவில்லை.

"அப்படியானால் திருச்சபை இதை ஏன் ஒருகாலத்தில் கண்டித்தது?" என்று உங்களில் மூத்தவர்கள் கேட்பார்கள். கேட்கவேண்டியதுதான். 1907இல் பத்தாம் பத்திநாதரின் ஆட்சியில், நவீனவாதம் என்று பெயரிடப்பட்ட போக்கைக் கண்டித்து ஜூலையில் ஓர் ஆணையும் செப்டெம்பரில் அவருடைய சுற்றுமடலும் வெளிவந்தன. 1908 மார்ச்சில் விவிலிய ஆய்வாளரான பிரெஞ்சுக் குரு அல்பிரட் லுவாசி திருச்சபையிலிருந்து நீக்கப்பட்டார். 1910 முதல் 1967 வரை குருக்கள் நவீனவாதத்துக்கு எதிரான உறுதிமொழி எடுக்கவேண்டியிருந்தது. அதே காலத்தில் விவிலிய ஆணைக்குழு, மத்தேயுதான் முதலில் எழுதினார் என்பதுபோன்ற முடிவுகளையும் விதித்தது. எருசலேமில் 1890இல் விவிலியப் பள்ளியைத் தொடங்கிய தோமினிக்கக் குரு லக்ராஞ்சு விசுவாசத்திலிருந்து அணுவும் விலகாதவர். அவருடைய நூல்கள் சிலவும் 1912இல் குருமடங்களிலிருந்து விலக்கப்பட்டன. இதை மழுப்பவேண்டாம். அது அச்சத்தின் காலம், அந்த அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. இயற்கைக்கு மேற்பட்டது எதுவும் நடக்கமுடியாது என்ற முன்முடிவோடு எழுதியவர்கள் அப்போது நிறைய இருந்தார்கள். முன்முடிவையும் முறையையும் பிரித்துப் பார்க்க அரை நூற்றாண்டு பிடித்தது. 1943 செப்டெம்பர் 30 அன்று பன்னிரண்டாம் பத்திநாதர் தமது சுற்றுமடலில், எழுதியவர் எந்த இலக்கிய வகையில் எழுதினார் என்று ஆராய்வதை விவிலிய அறிஞரின் கடமையாகவே ஆக்கினார். 1955இல், விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் தொடாத பழைய முடிவுகளில் அறிஞர்களுக்கு முழுச் சுதந்திரம் உண்டு என்று ஆணைக்குழுவின் செயலரே தெளிவுபடுத்தினார்.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. அந்த உறுதிமொழி நடப்பில் இருந்த 1928இல்தான் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' எழுதினார். மயில்வாகனப் புலவரின் 'யாழ்ப்பாண வைபவமாலை'யை வேறு சான்றுகளோடு ஒப்பிட்டு, எது நிற்கும் எது நிற்காது என்று சோதித்த நூல் அது. மரபு நூலை விசாரிக்கத் தமிழ்க் கத்தோலிக்கருக்குத் தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. நம்முடைய சரித்திரத்துக்குப் பொருந்திய முறை நம்முடைய நற்செய்திக்கு மட்டும் ஆகாது என்று அந்தத் தலைமுறை கருதவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நற்செய்திகளில் வரலாற்றுப் பிழை உண்டா என்பது வத்திக்கான் சங்கத்துக்குள்ளேயே வெளிப்படையாகப் பேசப்பட்டது. 1964 ஒக்டோபர் 2 அன்று வியன்னா கர்தினால் கோனிக் எழுந்து, விவிலியத்தில் வரலாற்றுத் தவறுகள் இருக்கின்றன என்று உதாரணம் காட்டினார். மாற்கு 2:26இல் தாவீது அப்பம் உண்டபோது அபியத்தார் தலைமைக் குரு என்று இருக்கிறது. சாமுவேல் முதல் நூலின்படி அது அவர் தந்தை அகிமெலக்கு. மத்தேயு 27:9இல் எரேமியாவின் வாக்கு என்று வருவது பெரும்பாலும் செக்கரியா நூலில் உள்ளது. அவரை யாரும் வெளியேற்றவில்லை. நம் மீட்புக்காகக் கடவுள் எழுதப்படவேண்டும் என விரும்பிய உண்மையை விவிலியம் தவறின்றிக் கற்பிக்கிறது என்பதே சங்கம் கடைசியில் ஏற்ற வடிவம். தலைமைக் குருவின் பெயர் அந்த உண்மையில் அடங்காது.

அடுத்த தடை இன்னும் கனமானது. ஒரு நூலை இழுத்தால் முழுச் சேலையும் அவிழ்ந்துவிடாதா? கூரையில் தொடங்கி உயிர்ப்பில் போய் முடியாதா? விசாரிப்பு எப்போதும் குறைத்துக்கொண்டேதான் போகும் என்று நினைப்பதால் வரும் பயம் இது. சில இடங்களில் அது உறுதியைக் கூட்டுகிறது. இயேசு யோவானிடம் திருமுழுக்குப் பெற்றதைப் பாருங்கள். பாவமன்னிப்புக்கான திருமுழுக்கு அது. மாற்கு விளக்கம் ஏதும் இல்லாமல் சொல்லிவிடுகிறார். மத்தேயுவில் யோவான் தயங்கித் தடுக்கிறார், இயேசு சமாதானம் சொல்கிறார். லூக்கா யோவான் சிறைப்பட்டதை முன்னாலேயே எழுதிவிட்டு, யார் திருமுழுக்குக் கொடுத்தார் என்று சொல்லாமலே கடந்துபோகிறார். நான்காம் நற்செய்தி ஆவி இறங்கியதைச் சொல்கிறது, திருமுழுக்கை நேரடியாகச் சொல்லவில்லை. ஆதிச் சபைக்கு இந்தச் செய்தி சங்கடமாக இருந்தது என்பது தெளிவு. சங்கடமான ஒன்றைத் தாங்களே கற்பனை செய்திருக்கமாட்டார்கள், நடந்ததால்தான் சொல்லவேண்டியிருந்தது. நான்கையும் ஒன்றாகப் பிசைந்திருந்தால் இந்தச் சான்று நமக்குக் கிடைத்திருக்காது.

உயிர்ப்பில் என்ன? கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர், வானதூதர் ஒருவரா இருவரா என்பதில் நால்வரும் ஒத்துப்போகவில்லை. ஆனால் கல்லறைக்கு முதலில் போனவர்கள் பெண்கள், அவர்களில் மகதலா மரியா இருந்தார் என்பதில் நால்வரும் ஒன்று. பெண்களின் சாட்சியம் எடுபடாத சமூகத்தில் இட்டுக்கட்டுகிறவர் பெண்களை முன்னால் நிறுத்தமாட்டார். பவுல் 1 கொரிந்தியர் 15இல், 50களின் நடுவில் எழுதும்போது, தாம் பெற்றுக்கொண்டதாகவே ஒரு சாட்சிப் பட்டியலை ஒப்படைக்கிறார். அதில் பெண்கள் இல்லை. யார் பெயர் விடுபட்டது, ஏன் விடுபட்டது என்று கேட்க உங்கள் வகுப்பில் கொழுந்து பறிக்கும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வரலாற்றாய்வு இதுவரை வரும்: அந்த மனிதர்கள் அவரைக் கண்டதாக உறுதியாக நம்பினார்கள், சிதறியவர்கள் திரும்பிவந்தார்கள், மிகத் தொடக்கத்திலேயே அதை அறிவித்தார்கள். கடவுள் அவரை எழுப்பினார் என்பது அதற்கு அப்பால். ஆய்வால் அதை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. விசுவாசம் என்று நாம் சொல்லும் சொல்லுக்கு அங்கே இன்னும் வேலை இருக்கிறது. ஒரு சமயத்தில் பிள்ளைகள் "அப்படியென்றால் இதுவும் பொன்னர் சங்கர் கதை மாதிரியா?" என்று கேட்கலாம். இல்லை. நிகழ்ச்சிக்குச் சில பத்தாண்டுகளுக்குள், கண்டவர்கள் சிலர் உயிரோடு இருந்த காலத்திலிருந்தே எழுத்துக்கு வந்த செய்தி இது. பிலாத்துவின் கீழ் இயேசு கொல்லப்பட்டதை உரோமை வரலாற்றாசிரியர் தாசிட்டும் குறிப்பிடுகிறார்.

பிறப்பு நிகழ்ச்சிகளே மிகக் கடினமான பகுதி. இயேசு பிறந்தபோது நடந்ததாக லூக்கா சொல்லும், ஆளுநர் குரேனியுவின் மக்கள்தொகைக் கணக்கு கி.பி. 6இல் நடந்தது, அவர் பிறந்தபோது ஆண்டதாகச் சொல்லப்படும் ஏரோது இறந்ததோ கி.மு. 4 என்பது பெரும்பாலோர் கணக்கு. இதை நேராக்க எடுத்த முயற்சிகள் எதுவும் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. ஆனால் இவ்வளவு வேறுபடுகிற மத்தேயுவும் லூக்காவும், ஒருவரையொருவர் பார்த்து எழுதியதாகத் தெரியாத இருவரும், பெத்லகேம், ஏரோது காலம், யோசேப்பு மரியா, தூய ஆவியால் கருத்தரித்தல் என்பவற்றில் ஒன்றுபடுகிறார்கள். ஆகவே அவை இருவருக்கும் முந்திய மரபு. 1977இல் பிறப்பு நிகழ்ச்சிகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய அமெரிக்கக் குரு ரேமண்ட் பிரவுன், கன்னிக் கருத்தரிப்பை வரலாற்றுச் சான்றால் மட்டும் தீர்மானிக்க முடியாது என்றார். திருச்சபையின் போதனையை ஏற்று அதை நம்பவும் செய்தார். சான்று எவ்வளவு தூரம் வரும் என்று அளந்து சொல்வது விசுவாசக் குறைவு இல்லை என்பதற்கு அவரே போதும்.

இந்த இடத்தில் அருட்தந்தை திஸ்ஸ பாலசூரியவின் பெயர் வரும். இவ்வளவு விசாரித்தால் இதுதான் முடிவு என்று அவரைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். 1990இல் அவர் மரியாவையும் மானுட விடுதலையையும் பற்றி எழுதிய நூலுக்காக 1997 ஜனவரி 2 அன்று திருச்சபையிலிருந்து நீக்கப்பட்டார்; ஓராண்டில், 1998 ஜனவரியில், தண்டனை விலக்கப்பட்டது. அவர்மீது இருந்த குற்றச்சாட்டு கொள்கை பற்றியது: ஆதிப் பாவம், கிறிஸ்துவின் மீட்பு, மரியன்னை பற்றிய கோட்பாடுகள். நற்செய்திகளை ஒப்பிட்டு வாசித்ததற்காக யாரும் அவரை நீக்கவில்லை. நடவடிக்கை எடுத்த பேராயத்தின் தலைவர் கர்தினால் ராட்சிங்கர். 1993இல் வரலாற்றுத் திறனாய்வு முறை இன்றியமையாதது என்று அறிவித்த விவிலிய ஆணைக்குழுவின் தலைவரும் அவரே. அந்த ஆவணத்துக்கு முன்னுரை எழுதியவரும் அவரே. பாலசூரிய கொள்கையில் அளவு மீறினாரா என்பதில் இரண்டு கருத்து இருக்கலாம். தண்டனை அளவுக்கு மிஞ்சியது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் வழிபாட்டுச் சுரூபத்துக்குப் பின்னால் மறைந்துபோன ஒரு கலிலேயக் கிராமப் பெண்ணை, வலியோரை அரியணையிலிருந்து இறக்கும் கடவுளைப் பாடியவராக லூக்கா காட்டும் மரியாவை, மீட்டெடுக்க அவர் எடுத்த முயற்சி தோட்டத்துப் பெண்களுக்கு உரியது. அதைப் பயங்காட்டும் பொம்மையாக்க வேண்டாம்.

இனி, எல்லோரும் சொல்லும் காரணம்: எளிய மக்களின் விசுவாசம் கலங்கும். 1964 அறிவுறுத்தலே போதகர்களை எச்சரிக்கிறது உண்மைதான். உறுதிப்படாத புதுமைகளைப் பேசவேண்டாம் என்கிறது. ஆனால் உறுதிப்பட்டவற்றை, தேவைப்பட்டால், கேட்கிறவர்களின் நிலையறிந்து கவனமாக விளக்கலாம் என்றும் சொல்கிறது. கவனமாகச் சொல்லுங்கள் என்பதை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று நாம்தான் மாற்றிக்கொண்டோம். 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரை இருக்கிறது. யார் எழுதினார், எப்போது, எந்தச் சூழலில் என்று அது பேசுகிறது. அந்த விவிலியம் லயக் காம்பிராவிலும் இருக்கிறது, முன்னுரையை மட்டும் தாண்டிவிடுகிறோம். மலையகத்தாருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும் என்று வேறு யாரோ தீர்மானிப்பது இங்கே புதிய பழக்கம் இல்லை. சம்பளக் கணக்கில் அதை எதிர்த்துக் கேட்கிற நாம் வேத பாடத்தில் மட்டும் ஏன் ஒப்புக்கொள்கிறோம்? பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயர் லியோ நாணயக்கார, 1972இல் மறைமாவட்டம் உருவானபோது கண்டியை விட்டு இங்கே வந்தவர். குருமாணவர் மக்களோடு இருந்து படிக்கவேண்டும் என்று பண்டாரவளையில் சேவக செவன குருமடத்தை அமைத்தார். படிப்பு மக்களிடம் இறங்கவேண்டும் என்ற எண்ணம் உங்கள் மறைமாவட்டத்தோடு பிறந்தது.

சொல்லாமல் விட்டால் யாரும் கலங்காமல் இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. நற்செய்திகள் வெறும் கட்டுக்கதை என்று சாதிக்கும் காணொளி பிள்ளையின் கைப்பேசியில் இருக்கிறது. எழுத்துக்கெழுத்து வானத்திலிருந்து வந்தது, ஒரு பெயர் தவறினாலும் எல்லாம் பொய் என்று போதிக்கும் செபக் கூட்டம் பக்கத்து லயத்தில் நடக்கிறது. இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்: ஒரு தவறு இருந்தால் முழுதும் பொய். அதனால்தான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஆட்கள் சுலபமாக மாறுகிறார்கள். 1993 ஆவணம் அடிப்படைவாத வாசிப்பைச் சிந்தனையின் தற்கொலைக்கு ஒப்பாகக் கண்டித்தது. கடுமைதான். அந்தச் செபக் கூட்டங்களுக்குப் போகிற நம் ஆட்கள்மேல் அந்தக் கடுமையைக் காட்டாதீர்கள். நோயிலும் கடனிலும் கைபிடிக்க அங்கே ஆள் இருந்ததால் போனவர்கள் அவர்கள்.

விசாரிக்காத வாசிப்புக்கு விலை உண்டு என்பதற்கு ஓர் உதாரணம் போதும். மத்தேயு 27:25இல் கூட்டம் முழுவதும் இயேசுவின் இரத்தப்பழியைத் தங்கள்மேலும் பிள்ளைகள்மேலும் ஏற்றுக்கொள்வதாக வருகிறது. இந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக யூதரை வேட்டையாடினார்கள். 70ஆம் ஆண்டில் எருசலேம் அழிந்த பிறகு, தொழுகைக்கூடத்தோடு கசப்பான பிரிவில் இருந்த ஒரு யூதக் கிறிஸ்தவச் சபைக்காக மத்தேயு எழுதுகிறார் என்பது ஆய்வு காட்டியது. 1965இல் சங்கம், அன்றைய யூதர் எல்லார்மீதோ இன்றைய யூதர்மீதோ அந்தப் பழியைச் சுமத்தக்கூடாது என்று அறிவித்தது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் ஒட்டுமொத்தமாக நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, ஓர் இனத்தையே கூட்டாகக் குற்றவாளியாக்குவது எப்படி இருக்கும் என்று தெரியும். குருத்து ஞாயிறன்று இந்தப் பகுதி வாசிக்கப்படுகிற ஆண்டில் அதை விளக்காமல் விடுவது எனக்குச் சரியாகப்படவில்லை.

திறனாய்வைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவும் நான் வரவில்லை. 1906இல் அல்பிரட் சுவைட்சர், இயேசுவின் வரலாற்றைத் தேடிய ஐரோப்பிய அறிஞர்கள் பெரும்பாலும் தங்கள் காலத்தின் முகத்தையே அவரிடம் கண்டார்கள் என்று நூல் எழுதினார். அந்த அறிஞர்கள் பேராசிரியர்கள். அவர்கள் கண்ட இயேசுவும் பேராசிரியர்போல் இருந்தார். நாட்கூலிக்குக் காத்துநின்ற திராட்சைத் தோட்டத் தொழிலாளர் உவமையில், மாலை ஐந்து மணிக்கும் வேலை கிடைக்காமல் நின்றவர்களின் நிலையை அவர்களைவிடப் பூனாகலைக்காரர் நன்றாக விளக்குவார்கள். பதினாறாம் ஆசீர்வாதப்பர் 2007இல் இயேசுவைப் பற்றிய தமது நூலில், இந்த முறை அவசியமானது, ஆனால் கடந்தகாலத்தை மட்டுமே அதனால் தொடமுடியும் என்று வரம்பு கட்டினார். தமது நூல் திருச்சபைப் போதனை இல்லை, எவரும் மறுத்துப் பேசலாம் என்றும் முன்னுரையில் எழுதினார். பாப்பரசரையே மறுத்துப் பேச இடமிருக்கும் விஷயத்தில், மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிள்ளை கையுயர்த்திக் கேட்பதற்கு இடமிருக்கத்தான் வேண்டும்.

தொடங்குவதற்குப் பெரிய ஆயத்தம் தேவையில்லை. பெரிய வகுப்புக்கு மத்தேயு 6இல் உள்ள ஆண்டவர் கற்பித்த செபத்தையும் லூக்கா 11இல் உள்ளதையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கமாக எழுதிக் கொடுங்கள். ஒன்று அவர்களுக்கு மனப்பாடம். மற்றது குட்டையாக இருப்பதைப் பார்த்து அவர்களே பேசத் தொடங்குவார்கள். அடுத்த வாரம் கூரை, பிறகு நூற்றுவர் தலைவர். பிறப்பு நிகழ்ச்சிகளைக் கடைசிக்கு வையுங்கள். நத்தார் குடிலில் இடையரும் ஞானிகளும் ஒன்றாக நிற்பதைக் கலைக்கத் தேவையில்லை, இரண்டு நற்செய்திகளையும் தனித்தனியாக வாசித்தால் போதும். மரண வீட்டுச் செபத்தில் இந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் குருமடத்தில் படித்துவிட்டு வந்ததுதான் இது. உங்களுக்குத் தெரியாத ஒரு கேள்வி வகுப்பில் எழுந்தால், அடுத்த ஞாயிறு அவரையே வந்து பதில் சொல்லக் கேட்கலாம்.

அன்புடன்,
உங்கள் வேலையை மதிக்கும் ஒரு கத்தோலிக்க வாசகன்